சத்தம் நின்றால் திரும்பும் தலை

வகுப்பில் அவளுக்கு வைத்த பெயர் டேபிள் ஃபேன். வைத்தவள் அதே பெஞ்சில் உட்காரும் வாயாடி. பொருத்தமான பெயர்தான். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும் சாக்பீஸ் நின்றால் அவள் தலை திரும்பும். பக்கத்து வகுப்பில் கூட்டமாக வாய்ப்பாடு சொல்லும் சின்னப் பிள்ளைகள் மூச்சு வாங்க நிறுத்தினால் திரும்பும். பள்ளிக்கூடத்துத் தண்ணீர் மோட்டாரை யாராவது அணைத்துவிட்டால் தலை மட்டுமல்ல, இடுப்புக்கு மேலே மொத்த உடம்பும் ஜன்னல் பக்கம் சாய்ந்துவிடும். போன தலை புத்தகத்துக்குத் திரும்பி வருவதற்குள் பாடம் ஒரு பக்கம் தாண்டியிருக்கும்.

சத்தம் கேட்டுத் திரும்பும் பிள்ளைகளை எல்லா டீச்சருக்கும் தெரியும். சத்தம் நின்றதற்குத் திரும்புகிற பிள்ளையை யாரும் பார்த்ததில்லை. அதனால் விஷயம் அதுதான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"கழுத்துல என்ன, ஸ்க்ரூ லூஸா?" என்பார் கணக்கு டீச்சர். வகுப்பு சிரிக்கும். அவளும் கூடவே சிரிப்பாள். சிரித்துக்கொண்டே, இத்தனை சிரிப்பும் அடங்கினால் அடுத்து என்ன கேட்கும் என்று காது காத்திருக்கும்.

அவள் குடும்பம் மாவு மில் வைத்திருந்தது. மில்லுக்குப் பின்னால் வீடு என்று சொல்வதைவிட, மில் போக மிச்சமிருந்த இடத்தில் வீடு என்று சொல்வது சரியாக இருக்கும். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் மோட்டார், பெல்ட், அரவைக் கல், அதன் தலைமேல் தானியம் கொட்டுகிற தகரத் தொட்டி. இந்தப் பக்கம் அடுப்பு, சுருட்டி வைத்த பாய்கள், அவள் புத்தகப் பை. அந்தப் பக்கம் மில் ஓடினால் இந்தப் பக்கம் தட்டில் கரண்டி ஆடும். தலையணையில் மாவு, சீப்பில் மாவு, விரித்த புத்தகத்தின் நடுமடிப்பில் மாவு. "உங்க வீட்ல பொறக்கும்போதே நரையோடதான் பொறப்பீங்களா?" என்று வாயாடி ஒருமுறை கேட்டாள்.

மில்லுக்குக் குரல் உண்டு. தொட்டி நிறைந்திருந்தால் அடித்தொண்டையில் முனகும். தானியம் குறையக் குறையக் குரல் ஏறும். காலியாகிவிட்டால் கல்லோடு கல் உரசிக் கீச்சென்று கத்தும். அதற்கு முன்னால் அடுத்த மூட்டையைக் கொட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் கல் வீணாகிவிடும். நடக்கப் பழகுவதற்கு முன்பே இந்தக் குரலுக்குப் பழகிய காது அவளுடையது. தூக்கத்தில்கூட "அப்பா, தொட்டி" என்று சொல்வாள்.

ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சை நெருங்கியபோது அவளுக்கு அந்தச் சத்தத்தின்மீதே வெறுப்பு வந்தது. ஒரு பிற்பகல் தடுப்புக்கு மேலே தலையை நீட்டிக் கத்தினாள்.

"இந்தச் சத்தத்துல மனுஷங்க படிக்க முடியுமாப்பா?"

"காதை மூடிக்கோ. கண்ணால படி," என்றார் அப்பா. அவர் கையில் மெழுகுக் கட்டி இருந்தது. பெல்ட் வழுக்கினால் மெழுகு தேய்ப்பார்கள். மில்லை நிறுத்திவிட்டுத் தேய்க்க வேண்டும். அவர் ஒருநாளும் நிறுத்தியது இல்லை.

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மில் நின்றது.

அப்பாடா, என்று நினைத்தாள்.

நினைத்தது மட்டுமல்ல, காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து நிம்மதியாக ஒரு பத்தி படித்தாள். என்ன அருமையான அமைதி! அந்தப் பக்கம், அரைக்க வந்தவர் சுவிட்சை அணைத்துவிட்டு வாயடைத்துப்போய் நின்றிருந்தார். அப்பாவும் கத்தவில்லை. வலி வந்து சேராத அந்தச் சில நொடிகளில் அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். கடைக்குப் போயிருந்த அம்மா வந்து போட்ட அலறல்தான் அவளைப் புத்தகத்திலிருந்து பிடுங்கியது.

வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

அன்று படித்த பத்தி அவளுக்கு இன்றைக்கும் எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது. மற்ற பாடம்தான் மனசில் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு மில்லை அம்மா எடுத்துக்கொண்டாள். அப்பா வாசலோரம் முக்காலியில் உட்கார்ந்து, மிச்சமிருந்த வாயால் மில்லை ஓட்டினார். "கல்லை இறுக்கு. ரொம்ப இறுக்காத. மாவுப் பையை உதறு. யம்மா, பையை மாத்திக் கட்டறியே!" பெல்ட் இருந்த மூலைக்கு மட்டும் அவர் போகவே மாட்டார், பார்க்கவும் மாட்டார்.

"ரேடியோவுக்காவது ஒரு திருகு இருக்கும், நிறுத்தலாம்," என்பாள் அம்மா, மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டே.

பள்ளி விட்டதும் அவள் தொட்டியடியில் வந்து நிற்பாள். ஒரு கையில் முறம், மறு கையில் புத்தகம். மில் ஓடும்போது வாய்விட்டுக் கத்திப் படித்தால்தான் தன் குரல் தனக்கே கேட்கும். அமிலம், காரம், முக்கோணம், சூத்திரம் என்று அத்தனையையும் மில்லின் தாளத்தில் கத்துவாள். தொட்டியின் குரல் ஏறும்போது வாய் நிற்காமலேயே கை தானியத்தைத் தள்ளிவிடும். அங்கே அவளுக்கு ஒன்றும் மறக்கவில்லை.

"மில்லுக்காரம்மா, என் கோதுமையோட அறிவியலையும் சேத்து அரைச்சுட்டா உங்க பொண்ணு. சாப்பிட்டா என் பேரன் பாஸாயிடுவான் போல," என்று அரைக்க வருகிறவர்கள் கேலி பேசுவார்கள்.

மறுநாள் வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்டு நிறுத்துவார். பதிலுக்காக வகுப்பே அமைதியாகும். அவ்வளவுதான். முந்தின நாள் கத்திய பாடம் எல்லாம் கல்லுக்கடியில் போன மாதிரி இருக்கும். தலை மெல்ல வீடு இருக்கும் திசைக்குத் திரும்பும்.

பத்தாம் வகுப்பு அரையாண்டில் கணக்கும் அறிவியலும் போயின. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வருவதற்குள் தலைமையாசிரியை ஒரு வேலை செய்வார். தேறாது என்று தோன்றுகிற பிள்ளைகளைப் பள்ளிப் பெயரில் அனுப்பாமல், தனியாக எழுதிக்கொள்ளச் சொல்லிவிடுவார். பள்ளியின் தேர்ச்சி விகிதம் கெடக்கூடாது. அவள் பெயர் அந்தப் பட்டியலின் ஓரத்தில் வந்து நின்றது.

"தனியா எழுதறதுன்னா?" என்று கேட்டாள் அம்மா.

"எழுதாம இருக்கறதுக்கு மரியாதையான பேரு," என்றார் அப்பா. அவர் ஏழாம் வகுப்போடு நின்றவர். வீட்டில் அவருக்கு மேலே படித்தவர் கிடையாது. தனியாக எழுதுகிறவள் பகலெல்லாம் சும்மாவா இருப்பாள்? மில்லில் நிற்பாள். ஒரு வருஷம் நின்றால் அப்புறம் அதுவே வேலை. யாரும் யாரையும் நிறுத்த வேண்டியதில்லை, படிப்பு தானாக நின்றுவிடும். இது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

கணக்கு டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். அம்மா கை கால் கழுவி, தலைமுடியை உதறி, ஆனாலும் புருவத்தில் மாவோடு போனாள். வாயாடியும் தானாகவே கூட வந்து நின்றாள்.

"டீச்சர், அவ மக்கு இல்ல. நான் மாவு வாங்கப் போனப்போ கேட்டேன். ஒரு பாடம் முழுசா, மூச்சு விடாம ஒப்பிக்கிறா. இங்க வந்தா ஊமையாயிடறா."

டீச்சர் யோசித்தார். கெட்டவர் இல்லை. கவலைப்பட்டுத்தான் சொன்னார். "அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருந்தா எந்தப் பிள்ளைக்கும் மனசு நிலைக்காதும்மா. சாயந்திரம் ஒரு ரெண்டு மணி நேரமாவது வீட்ல அமைதி குடுங்க. அது போதும், புள்ள பிழைச்சுக்கும்."

யார் கேட்டாலும் சரி என்று சொல்லக்கூடிய யோசனை. அம்மாவும் சரி என்றாள். அன்றைக்கே ஒரு அட்டையில், "மாலையில் மில் ஓடாது" என்று வாயாடியை விட்டு எழுதவைத்து வாசலில் கட்டினாள். சாயந்திரம்தான் கூட்டம் வரும் நேரம். வந்தவர்கள் அட்டையைப் பார்த்து, "ஏன் மில்லுக்காரம்மா, கோடீஸ்வரி ஆயிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த தெரு மில்லுக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். முன்பக்கம் முக்காலியில் அப்பாவுக்கு இருமக்கூடத் தடை.

அந்த அமைதியில் அவள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு வரி படித்தாள். குழாயில் நீர் சொட்டியது. அதே வரியைப் படித்தாள். தட்டில் கரண்டி ஆடவில்லை. எழுந்துபோய்த் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அப்பா முக்காலியில் இருந்தார்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லப்பா."

வந்து உட்கார்ந்தாள். அதே வரி. மறுபடி எழுந்தாள். அப்பா சுண்டுவிரல் இருந்த இடத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். வந்து உட்கார்ந்தாள். அம்மா இந்தப் பக்கம் எங்கே? பின்வாசலில் துணி உதறும் சத்தம் வந்தது. சரி. நின்றுவிட்டது. ஏன் நின்றது? எழுந்தாள். கால் தரையில் தங்கவில்லை. புத்தகத்தில் விரல் வைத்த இடம் வியர்வையில் ஈரமானது.

அந்த வாரத்து வகுப்புத் தேர்வில் முன்பு வாங்கியதைவிட மதிப்பெண் குறைந்தது. தலைமையாசிரியை மறுதேர்வு ஒன்று வைப்பதாகச் சொன்னார். இரண்டு பாடத்திலும் தேறினால் பள்ளிப் பெயரில் எழுதலாம். இல்லையென்றால் இல்லை.

விடைத்தாளைப் பார்த்த அம்மாவுக்குத் தாங்கவில்லை. "உனக்காக ஓடற மில்லை நிறுத்தினேன். வந்த ஆளை வாசலோட திருப்பி அனுப்பினேன். இவர் இருமலைக்கூட முழுங்கினாரு. இன்னும் என்னதான்டி வேணும் உனக்கு? நான் மூச்சு விடறதையும் நிறுத்தட்டுமா?"

"நிறுத்தாதம்மா."

"என்ன?"

"மில்லை நிறுத்தாத. நின்னா எனக்கு..." கையைக் காட்டினாள். தன் வலது கையை, விரல்களை மடக்கி, கட்டைவிரலை மட்டும் நீட்டி.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு நின்னப்போ நான் அப்பாடான்னு நினைச்சேம்மா. சந்தோஷமா படிச்சேன்." அதற்குமேல் அழுகை வந்துவிட்டது.

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. எல்லாம் கேட்டிருக்கிறது. "நானும்தான் நினைச்சேன், அப்பாடான்னு. மோட்டாரு நின்னுச்சே, தோள்பட்டை வரைக்கும் போகலையேன்னு. அந்தாளு சுவிட்ச அமத்தலன்னா நான் இப்ப போட்டோவுல இருப்பேன். நின்னது நல்லதுடி, லூசு."

இப்படி ஒரு கோணத்திலிருந்து அந்த நாளை அவள் பார்த்ததே இல்லை. ஆனாலும் கழுத்து கேட்கவேண்டுமே. புத்திக்குப் புரிந்தது கழுத்துக்கு இறங்க நாளாகும்.

அம்மா எழுந்துபோய் அட்டையை அவிழ்த்தாள். மறுதேர்வு வரை மில் ஓடியது, அவள் தொட்டியடியில் நின்று கத்தினாள், எல்லாம் நினைவில் நின்றது. ஆனால் பரீட்சை அறையை மில்லுக்குள் கொண்டுவர முடியாதே!

"நீ எழுதி முடிக்கிற வரைக்கும் மில் ஓடும்," என்றாள் அம்மா, பரீட்சை அன்று காலையில். "உனக்குக் கேக்காது. ஆனா ஓடும். நின்னுடுச்சோன்னு நெனைப்பு வந்தா, அம்மா ஓட்டிக்கிட்டு இருக்கான்னு நெனைச்சுக்கோ."

"அரைக்க யாரும் வரலைன்னா? கல்லு காஞ்சிடுமே."

"தவிடு கெடக்கு. அதைப் போடுவேன். கீழ விழுந்ததை அள்ளித் திரும்பப் போடுவேன்."

அப்பா முக்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அரைச்ச மாவையே அரைக்கிறான்னு ஊர்ல பேச்சுக்குத்தான் சொல்லுவாங்க. நீ நிஜமாவே செய்யப் போறியா? கரண்ட்டு உங்கப்பன் வீட்டுதா?"

"எங்கப்பன் வீட்டுதா இருந்தா உங்களை ஏன் கட்டிக்கிறேன்? உக்காருங்க."

அறிவியல் ஆய்வக அறையில் மறுதேர்வு. நாலைந்து பேர்தான். தலைக்கு மேலே மின்விசிறி கரகரவென்று சுற்றியது, அது பாதித் துணை. மீதிக்கு அவள் அம்மாவை நினைத்துக்கொண்டாள். தவிடு விழுகிறது, முனகுகிறது, அள்ளுகிறாள், கொட்டுகிறாள். முதல் கணக்கு வந்தது. இரண்டாவது வந்தது. பேனா தானாக ஓடும்போது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, அதை நின்று பார்க்கப் பயமாகவும் இருந்தது.

அப்போது கரண்ட் போனது.

விசிறியின் இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கின. கரகரப்பு இழுத்து, தேய்ந்து, நின்றது. எங்கோ ஓடிய தண்ணீர் மோட்டார் நின்றது. தெருமுனைத் தையல் கடை நின்றது. ஊரே வாயை மூடிக்கொண்டது.

தலை திரும்பிவிட்டது. கழுத்தோடு நிற்காமல் தோளும் இடுப்பும் திரும்பி, அவள் எழுந்து நின்றாள்.

"டீச்சர், நான் வீட்டுக்குப் போகணும்."

கணக்கு டீச்சர் நிமிர்ந்தார். "என்ன விளையாடறியா? பாதி எழுதியிருக்க. வெளிய போனா திரும்ப உள்ள வர முடியாது. தெரியும்ல?"

தெரியும். அவள் பேனாவை மூடினாள். மில் நின்றுவிட்டது. இப்போது நின்றுவிட்டது, சந்தேகமே இல்லை. அம்மா ஒண்டியாக இருக்கிறாள். பெல்ட் வழுக்கியிருந்தால்? அம்மாவும் மெழுகை எடுத்திருந்தால்? ஒரு கால் பெஞ்சுக்கு வெளியே வந்துவிட்டது.

வெளியே தெருவில் யாரோ கத்தினார்கள். "உங்க வீட்லயும் போச்சா?"

"எல்லார் வீட்லயும்தான் போச்சு!"

அந்தக் கால் அங்கேயே நின்றது. எல்லார் வீட்டிலும் என்றால் மில்லிலும். கரண்ட் இல்லாத மோட்டார் வெறும் இரும்பு. அந்த பெல்ட்டைக் கையால் இழுத்தால்கூட நகராது. அது எவர் கையையும் இப்போது இழுக்க முடியாது. மில் ஓடும்போது ஆபத்து; யாரோ அணைத்து நின்றால், ஏன் அணைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஆனால் கரண்ட் போய் நின்றால்? அம்மாவுக்கு இந்த உலகத்திலேயே பத்திரமான நேரம் இதுதான்.

"உக்காரப் போறியா, போகப் போறியா?"

"உக்காந்துட்டேன் டீச்சர்."

கரண்ட் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று வெறி பிடித்த மாதிரி எழுதினாள். கையெழுத்து கோழி கிளறிய குப்பையாக இருந்தது. ஓரிடத்தில் சூத்திரம் மறந்தது. உதட்டை அசைத்து, சத்தம் வராமல் மில்லின் தாளத்தில் கத்திப் பார்த்தாள், வந்தது. கணக்குத் தாளை முடித்து அறிவியல் தாளை இழுக்கும்போது விசிறி முனகி உயிர் பெற்றது. எல்லோரும் "அப்பாடா" என்று பெருமூச்சு விட்டார்கள். அவளுக்கு மட்டும் நெஞ்சு படபடத்தது. இப்போது பெல்ட் சுற்றும். இனிமேல்தான் கவனம் வேண்டும். அந்தப் படபடப்போடேயே மிச்சத்தையும் எழுதினாள். நிம்மதி வந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் பொதுத்தேர்வே முடிந்திருக்கும்.

தாளைக் கொடுத்துவிட்டு வெளியே ஓடி வந்தால், பள்ளிக்கூட வாசலில் அம்மா. தலை முதல் கால் வரை தவிடு. காவல்காரரோடு சண்டை.

"உள்ள விட வேணாம்ண்ணே. போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. கரண்ட்டுதான் போச்சு, மில் நல்லாத்தான் இருக்குன்னு. அவ்வளவுதானே?"

"யம்மா, பரீட்சை ஹால்ல போய் மில் நல்லா இருக்குன்னு நான் சொன்னா, என் வேலை நல்லா இருக்குமா?"

"அம்மா!"

"ஏய், எழுதினியா? எழுந்து வந்துட்டியா?"

"எழுதிட்டேன். நீ இங்க இருக்க. மில்லு?"

"ஓடுது. கரண்ட் வந்துடுச்சே. வாக்குக் குடுத்திருக்கேன்ல?"

"யாரு ஓட்றா?"

வரும் அவசரத்தில் அதை அம்மாவே யோசிக்கவில்லை.

இருவரும் ஓடினார்கள். தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. முனகல், ஏறுகிறது, இதோ கத்தப் போகிறது, இல்லை, மறுபடி முனகல். யாரோ சரியான நேரத்துக்குத் தொட்டியில் கொட்டுகிறார்கள். உள்ளே, பெல்ட் இருக்கும் மூலைக்குப் பக்கத்தில், முகமெல்லாம் வியர்வையோடு அப்பா நின்றிருந்தார். முறத்தின் ஒரு விளிம்பை வலது கட்டைவிரலில் மாட்டி, இடது கையால் தவிட்டைச் சரித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு ரெண்டு பேரும் தலைதெறிக்க ஓடி வர்றீங்க? மில்லு என்ன தீப்பிடிச்சா எரியுது?" என்றார். குரல் அதட்டலாகத்தான் இருந்தது. கண் மட்டும் பெல்ட்டை விட்டு நகரவில்லை.

அம்மா போய் முறத்தை வாங்கப் பார்த்தாள். அவர் தரவில்லை.

மறுதேர்வில் அறிவியல் நன்றாகவே வந்தது. கணக்கு விளிம்பில் தொங்கிக்கொண்டு வந்தது. "இந்தக் கையெழுத்தைப் படிக்க நான் காசு குடுத்து ஆள் வைக்கணும்," என்று டீச்சர் தாளை நீட்டினார். பெயர் பள்ளிப் பட்டியலில் ஏறியது. பொதுத்தேர்வை அங்கேயே எழுதினாள், அப்புறம் மேலே, அப்புறம் கல்லூரி. அந்த வீட்டின் முதல் பட்டம். கறுப்பு அங்கி போட்ட அந்தப் படத்தை மாவு படியாத இடத்தில் மாட்டலாம் என்று அம்மா எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், பெல்ட்டுக்கு நேர் எதிரே அப்பா மாட்டி வைத்திருக்கிறார். தினமும் துடைக்கிறார். அரைக்க வருகிறவர்கள் கேட்காமலேயே யார் என்று சொல்லுகிறார்.

படத்தில் அவள் கேமராவைப் பார்க்கவில்லை. படம் எடுக்கும் நேரத்தில் மண்டபத்தில் ஏதோ ஒரு விசிறி நின்றுவிட்டது.